பொழுது சாயுமுன் உண்டவர்

எங்கள் பெரியப்பாவை நினைக்கும்போது அவருடைய முகம் எனக்கு முதலில் தோன்றுவதில்லை. மேற்கு நோக்கித் திரும்பிய அவருடைய கழுத்துதான் தோன்றுகிறது. பிற்பகல் முற்றி வெயிலின் நிறம் சற்றே மாறியதும், அவர் எந்த வேலையில் இருந்தாலும், யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும், அந்தக் கழுத்து மேற்கே திரும்பும். வேகவதிக் கரைப் பனைமரங்களுக்கு மேலே கதிரவன் இன்னும் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கண்ணால் அளப்பார். பிறகு வீட்டை நோக்கிக் குரல் கொடுப்பார்.

"வெளிச்சம் இருக்கும்போதே வாங்கப்பா. சாப்பிட வாங்க."

நாங்கள் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பம்; ஊரார் எங்களை நயினார் என்று அழைப்பார்கள். கதிரவன் மறைந்தபின் உண்ணலாகாது என்பது எங்கள் முன்னோர் வழிவழியாகக் காத்துவந்த நெறி. ஊரிலிருந்த எல்லாச் சமண வீடுகளிலும் அது உண்டு. மற்றவர்கள் அதைக் கடைப்பிடித்தார்கள். பெரியப்பா அதை நினைத்து நினைத்துக் கவலைப்பட்டார். தாம் உண்டோமா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. யார் இன்னும் உண்ணவில்லை, யார் வயலில் நிற்கிறார்கள், யார் ஆற்றைக் கடந்து வரவேண்டும் என்பதே ஒவ்வொரு மாலையும் அவர் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும். நெறியை அவருக்குக் கற்பித்தவர்கள் அதைப் பாவத்தின் பெயரால் கற்பித்திருக்கலாம். அவர் கையில் அது பசியைப் பற்றிய அக்கறையாக மாறியிருந்தது. ஊரார் நல்லவர் என்று பலரைச் சொல்வார்கள். எங்கள் பெரியப்பாவைச் சொல்லும்போது மட்டும் "சாப்பிட்டியான்னு கேக்கறவரு" என்பார்கள்.

அறுவடைக் காலத்தில் அவருடைய இந்தக் கவலை வயலுக்கும் பரவிவிடும். அறுப்புக்கு வருகிறவர்கள் சமணர்கள் அல்லர். எங்கள் நெறி அவர்களைக் கட்டாது. ஆயினும் தம் களத்தில் ஒருவர் இருட்டில் உண்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கதிர்க்கட்டு பாதி கிடக்கும்போதே சோற்றுக் குண்டானைக் களத்துக்குக் கொண்டுவரச் சொல்லிவிடுவார். வந்தவர்களில் வாய்த்துடுக்கான ஒரு பெண்மணி இருந்தாள். ஒருநாள் கையைக் கழுவிக்கொண்டே அவள் உரக்கச் சொன்னாள்:

"நயினாரு ஊட்டு அறுப்புன்னா பொழுது இருக்கசொல்லவே வயிறு ரொம்பிடுது. ராவுல மறுக்கா பசிக்குதே, அதுக்கு இன்னா பண்றது?"

"உன் ஊட்ல போய் சாப்பிடும்மா. உன் ஊட்டுக்காரன் ஆக்கி வச்சிருப்பான்."

"அந்த ஆளா? நான் போயி அவனுக்கும் சேத்து ஆக்கணும் நயினாரே!"

களம் முழுவதும் சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார். ஆனால் அந்தப் பேச்சு அவர் மனத்தில் தங்கிவிட்டது. மறுநாள் முதல் அறுப்புக்கு வந்த பெண்கள் புறப்படும்போது ஒவ்வொருவர் முந்தானையிலும் அவலும் வெல்லமும் அள்ளிப் போடும்படி அண்ணியிடம் சொன்னார். அண்ணி என்று நான் சொல்வது அவருடைய மூத்த மருமகளை. பெரியம்மா காலமான பிறகு அந்த வீட்டின் அடுப்பும் சாவியும் அண்ணியிடம்தான் இருந்தன.

"ராத்திரி எப்ப வேணா சாப்பிடுங்க, அது உங்க இஷ்டம். என் கண்ணெதிர்ல வேணாம், அவ்ளோதான்" என்று அந்தப் பெண்களிடம் சொல்லுவார், ஏதோ அவர்தாம் சலுகை கேட்பவரைப்போல.

பக்கத்து வீட்டு முதலியார் பட்டுத்தறி வைத்திருந்தார். அவருக்கும் பெரியப்பாவுக்கும் இளமை முதல் நட்பு. முதலியார் தம் மகளுக்குத் திருமணம் செய்தபோது, முதல்நாள் பெண்ணழைப்பு விருந்தை மாலை வெயில் இருக்கும்போதே பரிமாறத் தொடங்கிவிட்டார். பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்திருந்த உறவினர்கள் இலையைப் பார்த்து விழித்தார்கள்.

"இன்னாய்யா இது, டிபனா, சாப்பாடா?" என்று ஒருவர் கேட்டார்.

"ரெண்டுந்தான். பேசாத உட்காருய்யா. நயினாருக்குச் சூரியன் போயிக்கினு இருக்குது" என்று முதலியார் அதட்டினார்.

பெரியப்பா முதல் பந்தியில் அமர்ந்து உண்டார். எதிர் இலையில் அமர்ந்திருந்த அந்த உறவினரிடம், பாயசம் இரண்டாம் முறை வரும்வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். இவ்வாறு பிறர் தமக்காக நேரத்தை மாற்றிக்கொள்வது அவருக்குக் கூச்சத்தைத் தந்தது. ஆனால் தாம் பிறருக்காக அந்த நேரத்தை மாற்றலாம் என்ற எண்ணம் அந்நாளில் அவருக்கு வந்ததில்லை. வந்திருந்தால் நான் இதை எழுதவேண்டிய தேவை இருந்திராது.

அவருக்கு ஆண்மக்கள் இருவர். மூத்தவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். இளையவன் என்னைவிடச் சிறியவன். நிலத்தில் மனம் ஒட்டவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் ஒரு தனியார் பேருந்தில் நடத்துநராகச் சேர்ந்தான். காக்கிச் சட்டையும் தோள்பையும் அவனுக்கு மிக நன்றாக அமைந்திருந்தன. வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தோம். வேலையின் நேரம் மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை. கடைசி நடை முடிந்து அவன் ஆற்றைக் கடந்து வீடு வரும்போது இருட்டி வெகுநேரம் ஆகியிருக்கும். எங்கள் வீட்டில் அடுப்பு அணைந்து, பாத்திரங்கள் கவிழ்ந்திருக்கும்.

சில நாள் அவன் பட்டினியாய்ப் படுத்தான். பிறகு காஞ்சிபுரத்திலேயே ஓர் உணவுக்கடையில் இரவில் சாப்பிட்டுவிட்டு வரத் தொடங்கினான். இந்தச் செய்தியை யாரோ பெரியப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அவர் மகனைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாள் பிற்பகலில் அண்ணியிடம் தூக்குப்பாத்திரத்தில் சோறு கட்டித் தரச் சொன்னார். அதை எடுத்துக்கொண்டு வேகவதி மணலைக் கடந்து, பிள்ளையார்பாளையத்துத் தெருக்கள் வழியாகத் தறிச் சத்தத்தின் ஊடே நடந்து, பேருந்து நிலையத்துக்குப் போனார். பேருந்து உத்திரமேரூரிலிருந்து திரும்பி வந்து கடைசி நடைக்குப் புறப்படும் முன் சிறிது இடைவேளை உண்டு. அப்போது வெளிச்சம் இருக்கும். அந்த இடைவேளைக்குள் மகனை உண்ணவைத்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு.

அதன்பிறகு அது நாள்தோறும் நடந்தது. நான் அப்போது பேருந்து நிலையத்தை ஒட்டியிருந்த நெல் மண்டியில் வேலை பார்த்துவந்தேன். வெயில் சாயத் தொடங்கினால், வெள்ளை வேட்டியும் மேல்துண்டுமாக அந்த நெட்டை உருவம் தூக்குப்பாத்திரத்தோடு வருவதை மண்டியிலிருந்தே பார்ப்பேன். பேருந்துக்காரர்களுக்கு அது நல்ல வேடிக்கை ஆயிற்று.

"டேய், உங்க நைனா வந்துட்டாருடா. சூரியனை இட்டாந்து உட்டுட்டு, இட்டுக்கினு போவாரு."

"சோறு ஊட்டி உடுங்க நயினாரே, புள்ளைக்கு ரெண்டு வயசுதான் ஆவுது!"

இளையவன் காது சிவக்க, வண்டியின் மறைவில் அமர்ந்து வேகவேகமாகச் சாப்பிடுவான். பெரியப்பா எதிரில் நின்று அவன் உண்ணும் வேகத்தையும் கதிரவன் இறங்கும் வேகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசிக் கவளம் உள்ளே போனதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவும். அந்த நிம்மதியைப் போல வேறொன்றை நான் எவர் முகத்திலும் கண்டதில்லை.

ஒருநாள் பேருந்து வரவில்லை. மாகறலுக்கு அருகே டயர் வெடித்து நின்றுவிட்டதாகப் பின்னர் தெரிந்தது. பெரியப்பா தூக்குப்பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். வெயில் கட்டடங்களின் உச்சிக்கு ஏறிற்று. பிறகு அங்கிருந்தும் போயிற்று. கடைகளில் விளக்கு எரியத் தொடங்கிய பிறகுதான் பேருந்து வந்தது. இளையவன் இறங்கினான். கை முழுவதும் கறுப்பு மசி, சட்டையெல்லாம் புழுதி. ஓட்டுநரோடு சேர்ந்து சக்கரத்தை மாற்றியிருக்கிறான். காலையில் உண்டவன் அதன்பிறகு ஒன்றும் உண்ணவில்லை. அன்று அவனுக்குக் கூச்சமும் இல்லை. பசி அதைத் தின்றுவிட்டிருந்தது. நேரே தந்தையிடம் வந்து தூக்குப்பாத்திரத்தின் பிடியைப் பற்றினான்.

"குடு நைனா. கண்ணு இருட்டிக்கினு வருது."

பெரியப்பா பிடியை விடவில்லை.

"பொழுது போயிடுச்சுப்பா" என்றார் மெதுவாக.

"இன்னா நைனா சொல்ற?"

"பொழுது போயிடுச்சு. காலையில சாப்பிடலாம். வா, ஊட்டுக்குப் போலாம்."

அவன் கை பிடியிலேயே இருந்தது. அவர் அந்தக் கையைத் தம் மற்றொரு கையால் மென்மையாக விலக்கி, பாத்திரத்தைத் தம் பக்கம் எடுத்துக்கொண்டார். கடுமை ஒன்றும் இல்லை. தூங்கும் குழந்தையின் பிடியிலிருந்து ஒரு பொருளை எடுப்பதுபோலத்தான் எடுத்தார். சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நயினாரு சோத்தை அரஸ்ட் பண்ணிட்டாருடோய்!" என்று ஒருவன் கூவினான். எல்லாரும் சிரித்தார்கள்.

ஓட்டுநர் மட்டும் சிரிக்கவில்லை. "பெரியவரே, வண்டி நின்னதுக்கு அவன் இன்னா பண்ணுவான்? பச்சத்தண்ணி கூட குடிக்கல அவன். குடுங்க" என்றார்.

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இளையவன் தன் மசிபடிந்த கையைப் பார்த்தான். பிறகு தந்தையைப் பார்த்தான்.

"இனிமே உன் ஊட்டுச் சோறு எனக்கு வேணாம் நைனா. வெளிச்சத்துலயும் வேணாம், இருட்டுலயும் வேணாம்."

சொல்லிவிட்டுக் கடைசி நடைக்கு வண்டியில் ஏறிவிட்டான். நான் மண்டியிலிருந்து ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பெரியப்பாவை அழைத்துக்கொண்டு இருட்டில் ஆற்றைக் கடந்தேன். வழியெங்கும் அவர் தம் மகனின் பசியைப் பற்றியே பேசினார். "காலையில எழுந்ததும் சுடச்சுட போடணும். முதல்ல அவனுக்குத்தான் போடணும்" என்றார். காலையில் அவன் வரவில்லை. இரவு முழுவதும் மூடிக்கிடந்த அந்தச் சோற்றை அண்ணி மாட்டுத் தொட்டியில் கொட்டினார்.

அன்று பிற்பகலும் பெரியப்பா தூக்குப்பாத்திரத்தோடு புறப்பட்டார். மறுநாளும் புறப்பட்டார். இளையவன் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டான் என்று ஓட்டுநர் சொன்ன நாள்வரை அந்த நடை நிற்கவில்லை. நின்ற அன்று மாலை, வழக்கம்போல எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். தாம் மட்டும் இலையின் முன் அமரவில்லை.

"நீங்க உட்காரலையா மாமா?" என்று அண்ணி கேட்டார்.

"எறங்க மாட்டேங்குதும்மா. நீங்க சாப்பிடுங்க."

அதன்பிறகு அவர் மாலையுணவு உண்டதே இல்லை. பகலில் ஒருவேளை மட்டும் உண்டார். ஆண்டுகள் சென்றன. ஊரார் இதைக் கவனித்தார்கள். எங்கள் மரபில் ஒருவேளை உண்பது உயர்ந்த நோன்பு. பெரியப்பா வாய்விட்டுச் சொல்லாமலே நோன்பை மேற்கொண்டுவிட்டார் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அவரைக் கண்டால் இளைஞர்கள் ஒதுங்கி நின்றார்கள்; பெண்கள் குழந்தைகளை அவர் காலில் விழச் சொன்னார்கள். ஓராண்டு எங்கள் கோயில் விழாவில் வெளியூரிலிருந்து வந்த ஒரு பேச்சாளர், கூட்டத்தின் நடுவே அவரைச் சுட்டிக்காட்டி, இல்லறத்தில் இருந்துகொண்டே துறவு பூண்டவர் என்று புகழ்ந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா எழுந்து நின்று கைகூப்பினார்.

"ஐயா தப்பா நினைச்சிக்கக் கூடாது. இது நோன்பு இல்லீங்க. பசிக்கலீங்க, அவ்ளோதான்."

அடக்கத்தால் அப்படிச் சொல்கிறார் என்று கூட்டம் இன்னும் உருகிற்று. என் அருகில் அமர்ந்திருந்த அண்ணியின் கணவர், என் பெரிய அண்ணன், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு துயரத்தை ஊர் முழுதும் வணங்கிக்கொண்டிருந்தது. அதைவிடக் கொடியதொரு தனிமையை ஒரு மனிதருக்கு ஊரார் தந்துவிட முடியாது.

முதுமையில் அவருக்குக் கண் போயிற்று. முதலில் மங்கல், பிறகு முழு இருள். மேற்கே திரும்பும் கழுத்து அப்போதும் திரும்பும். ஆனால் அதனால் பயனில்லை. மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்து, சூடு இருக்கிறதா என்று தடவிப்பார்ப்பார். அதிலும் நம்பிக்கை வராமல் அண்ணியைக் கூப்பிடுவார்.

"யம்மா, வெளிச்சம் இருக்குதா?"

"இருக்குது மாமா."

"அப்ப எல்லாரையும் சாப்பிடச் சொல்லு."

அண்ணி சொன்னால் அது உறுதி. விளையாட்டுக்குக்கூடப் பொய் பேசாதவர் என்று அவருக்குப் பெயர். பால்காரன் கேட்டால்கூட, நேற்று வாங்கியது நீர்த்திருந்தது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். பெரியப்பாவின் கதிரவன் அந்த ஒரு நாவில் உதித்து அந்த நாவிலேயே மறைந்தது.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு மாலை அது. பெரியப்பா தளர்ந்துவிட்டார் என்று உறவினர் ஒருவர் வழியாகச் சென்னைக்குச் சொல்லியனுப்பியிருந்தோம். இளையவன் வருவான் என்று எங்களில் யாரும் நம்பவில்லை. அன்று பகல் முழுதும் பெய்த மழையில் பேருந்துகள் தாமதமாயின. வீட்டில் எல்லாரும் உண்டு முடித்து, அடுப்பை அணைத்து, மின்சாரம் போய்விட்டதால் அரிக்கேன் விளக்கை ஏற்றிவைத்திருந்தோம். நன்றாக இருட்டியபின் வாசலில் ஒருவர் வந்து நின்றார். முன்தலை நரைத்திருந்தது, முழங்கால்வரை சேறு. விளக்கைத் தூக்கிப் பார்த்துத்தான் எங்களுக்கு அடையாளம் தெரிந்தது. கட்டிலில் படுத்திருந்த பெரியப்பாவுக்கு விளக்கு தேவைப்படவில்லை.

"நைனா" என்றான் இளையவன்.

பெரியப்பா எழுந்து அமர முயன்றார். நான் தாங்கிக்கொண்டேன். அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு மகனிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"சாப்பிட்டியாப்பா?"

அவன் சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் எல்லாருக்கும் அது எளிதாக இருந்திருக்கும்.

"இல்ல நைனா" என்றான்.

பெரியப்பா சுவரைத் தொட்டுப் பார்க்கவில்லை. அண்ணி நின்ற பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"யம்மா, வெளிச்சம் இருக்குதா?"

அண்ணி தம் கணவரைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். விளக்கின் மஞ்சள் ஒளி அவர் முகத்தில் பாதியில் விழுந்திருந்தது.

"இருக்குது மாமா. இப்பத்தான் சாயுது."

"அப்ப இலை போடும்மா. ரெண்டு இலை போடு. எனக்கும் பசிக்குது."

இலை போடச் சோறு இல்லை. அண்ணி உள்ளே போய் அடுப்பை மூட்டினார். அந்த வீட்டில் இருட்டியபின் அடுப்பு எரிந்தது அன்றுதான். ஈர விறகு புகைந்து சடசடத்தது. உலை கொதிக்க வேண்டும், அரிசி வேகவேண்டும், வடிக்கவேண்டும். "இப்பத்தான் சாயும்" கதிரவன் அவ்வளவு நேரமும் சாயாமல் நிற்கவேண்டியிருந்தது. வெளியே தவளைகள் கத்தின. பெரியப்பா அவற்றைக் கேளாதவரைப்போல மகனின் கையைத் தம் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"கை இன்னா இவ்ளோ கெட்டியா போச்சு?"

"வேலை அப்படி நைனா."

"அன்னிக்கு மசியா இருந்துது" என்றார் அவர்.

இளையவன் தலையைக் குனிந்துகொண்டான். அதன்பிறகு இருவரும் மழையைப் பற்றியும், அவன் குழந்தைகளைப் பற்றியும், சென்னையில் தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பற்றியும் பேசினார்கள். வெளிச்சம் இருக்கிறதா என்று அவர் மறுபடி கேட்கவே இல்லை.

சோறும் பருப்பும் ஆனதும் இரண்டு இலை போட்டார் அண்ணி. தந்தையும் மகனும் அருகருகே அமர்ந்தார்கள். பெரியப்பா முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்து வெகுநேரம் மென்றார். இளையவன் உண்பதை அவரால் பார்க்க முடியாது. ஆனால் இலையில் அவன் விரல் உரசும் ஒலிக்குச் செவியைக் கொடுத்துக்கொண்டு, இடையிடையே, "இன்னும் போடும்மா அவனுக்கு" என்றார். மழைக்குப் பின் வரும் ஈசல்கள் விளக்கைச் சுற்றி மொய்த்தன. அண்ணி அவை இலையில் விழாதபடி முந்தானையால் ஓசையின்றி விசிறிக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதைத் துடைக்கக் கை ஓயவில்லை.

பெரியப்பா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"யம்மா, அந்த விளக்கைக் கொஞ்சம் தள்ளி வையேன். பாவம், பூச்சிங்க வந்து உழுது."

விசிறிய கை நின்றுவிட்டது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்க அஞ்சினோம். அவர் சோற்றைப் பிசைந்து அடுத்த கவளத்தை எடுத்தார்.

இளையவன் வேலைக்குத் திரும்பவேண்டியிருந்ததால் காலையில் புறப்பட்டுப் போனான். அண்ணி அன்று அடுப்பங்கரைக்குள் நுழையவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு வந்து பெரியப்பாவின் கட்டிலருகே அமர்ந்தார்.

"மாமா, நேத்து நான் பொய் சொல்லிட்டேன். இன்னிலேர்ந்து நான் நோன்பு இருக்கப் போறேன்."

"நீ இருக்காத" என்றார் பெரியப்பா. "நீ சொன்ன. தெரிஞ்சிக்கினே கேட்டவன் நானு. போய் சாப்பிடு."

மார்கழி தொடங்குவதற்குள் அவர் உடல் உணவை ஏற்க மறுத்துவிட்டது. எங்கள் மரபில், உடல் இனித் தாங்காது என்று தெளிந்த பெரியவர்கள், உணவை முறைப்படி துறந்து அமைதியாக உயிர்விடும் இறுதி நோன்பு ஒன்று உண்டு. சல்லேகனை என்பது அதன் பெயர். வாழ்நாள் முழுவதும் நெறி நின்றவர்களுக்கே அது வாய்க்கும் என்பார்கள். பெரியப்பாவுக்கு அது வாய்க்கவேண்டும் என்பது ஊராரின் விருப்பம். அவருடைய விருப்பமும் அதுவே. எங்கள் கோயிலில் பூசையும் சடங்கும் நடத்தும் உபாத்தியாயரும் பெரியவர்கள் சிலரும் வந்து கட்டிலைச் சூழ்ந்து அமர்ந்தார்கள். நோன்பு ஏற்கும் முன், வாழ்வில் செய்த பிழைகளை வாய்விட்டுச் சொல்லி மனமார வருந்தவேண்டும். அதுதான் முறை.

உபாத்தியாயர் பெரியப்பாவைவிட வயதில் இளையவர். அவரிடம் மிகுந்த மதிப்புடையவர். வெறும் சடங்குக்குக் கேட்பதுபோலக் கேட்டார்: "நயினாரே, நோன்புக்குப் பங்கம் ஏதாவது நடந்திருந்தா சொல்லிடுங்க."

"ராத்திரியில சாப்பிட்டேன்" என்றார் பெரியப்பா.

அமர்ந்திருந்தவர்கள் திகைத்தார்கள். ஒரு பெரியவர் அவசரமாக, "கண்ணு தெரியாத காலத்துல தெரியாம நடந்திருக்கும். அது தோஷமில்ல" என்றார்.

"தெரிஞ்சேதான். என் புள்ளையோட உட்கார்ந்து சாப்பிட்டேன்."

சுவரோரம் நின்றிருந்த அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய மூச்சைக் கேட்டே பெரியப்பா கையை உயர்த்தித் தடுத்துவிட்டார்.

"சரி" என்றார் உபாத்தியாயர் கனிவாக. "அதுக்காக மனசார வருந்தறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும். மேல நடக்கலாம்."

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவர் முயல்கிறார் என்பது எங்களுக்குத் தெரிந்தது. வற்றிய மார்பு ஏறி ஏறி இறங்கியது. ஊர் முழுதும் விரும்பிய அந்த முடிவு ஒரே ஒரு சொல்லுக்கு அப்பால் இருந்தது. பொய்யாகவேனும் சொல்லிவிடமாட்டாரா என்று நான் ஏங்கினேன்.

"வரமாட்டேங்குதுப்பா" என்றார் கடைசியில். "எவ்ளோ தேடினாலும் அதுக்கு வருத்தம் வரமாட்டேங்குது."

அவரே மறுபடி பேசினார்.

"வேற ஒண்ணுக்கு வருது. பஸ் ஸ்டாண்டுல பசியோட வந்து நின்னான். தூக்குல கையை வச்சான். அந்தக் கையை எடுத்து உட்டுட்டேன். அதுக்கு வருத்தம் சொல்றேன். அதை ஏத்துக்கினு நோன்பைக் குடுங்க."

உபாத்தியாயர் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"அன்னிக்கு நீங்க விரதத்தைத்தானே காப்பாத்தினீங்க, நயினாரே. அது குத்தமே இல்லையே. குத்தம் இல்லாததுக்கு நான் எப்படிப் பரிகாரம் சொல்றது?"

"அப்ப நான் எதைச் சொல்லிப்பா அழறது?"

அந்தக் கேள்வியோடு அன்றைய கூட்டம் கலைந்தது. பெரியப்பாவுக்கு இறுதி நோன்பு கொடுக்கப்படவில்லை. ஊரில் அது பெரும் பேச்சாயிற்று. இத்தனை காலம் நெறி நின்றவர் கரையருகே வந்து தவறிவிட்டாரே என்று இரங்கினார்கள். உபாத்தியாயர் மட்டும் அதன்பிறகு ஒவ்வொரு நாளும் பிற்பகலில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கட்டிலருகே அமர்வார். ஏதோ சொல்ல வந்தவரைப்போலப் பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவார். ஒருநாள் அவர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றியபோது, பெரியப்பாவின் உயிர் பிரிந்து, உள்ளே அண்ணியின் அழுகுரல் கேட்டது. அவர் உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே அமர்ந்து, முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டு, நாங்கள் அழத் தொடங்குமுன்னரே அழுதார்.